பந்தலில் கழுவிய கால்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை எழுதியவன் நான்தான். போன அக்டோபரில் எங்கள் பங்குக் கோயில் இதழில், "அன்னை எடுத்த வலி" என்ற தலைப்பில், அரைப் பக்கம்.* பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. (கொஞ்சம் தெரியும். ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.)

2

முதல் முயற்சி: "தாம்பரம் பக்கம் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை..."

வேண்டாம். யாரோ ஒரு பெண் இல்லை, என் அக்கா ஞானம்மாள். ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்றவள். இரண்டு வருடம் பாதம் எரிகிறது என்று அழுதாள். எரிச்சல் நின்றால் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலில் நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். ஒருநாள் நின்றது. நடந்தாள். நானும் கூட நடந்தேன்.

3

இதழ் வந்த பிறகு, கால் வீக்கம் வடியாமல் நாங்கள் போய்ப் பார்த்த டாக்டர் (கதைக்கு ஆகட்டுமே என்று இவரைச் சிடுமூஞ்சியாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன், தன்மையான மனுஷர்) எக்ஸ்ரேயைக் காட்டினார். கணுக்கால் எலும்புகள் நொறுங்கி இடம் மாறியிருந்தன.

"எரிச்சல் நின்னது குணமாகி இல்லம்மா. சர்க்கரையில நரம்பே செத்துப்போச்சு. உடைஞ்ச கால்லயே நடந்திருக்கீங்க."

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அப்ப மாதா எடுக்கலியாடா?"



4

குதிகால் வழியாகக் கம்பி செலுத்தி, கணுக்காலை நேராக்கி, எலும்புகளை ஒன்றாக ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை. பிறகு மூன்று மாதம் காலை ஊன்றவே கூடாது. ஒட்டினால், கணுக்கால் மடங்காவிட்டாலும், நடப்பாள். ஒட்டாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள்.

வலிக்காத காலை ஊன்றாமல் இருப்பது லேசில்லை. அக்கா இரண்டு தடவை மறந்து இறங்கிவிட்டாள். இப்போது கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். இதையும் அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

5

சொல்கிறேன் என்றேனே.

அச்சிறுபாக்கம் தாண்டி, நடைப்பயணிகளுக்குப் போட்டிருந்த ஒரு பந்தலில் அக்காவின் காலைக் கழுவிவிட்டேன். வீங்கிச் சிவந்து கையைச் சுட்டது. பாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"வலிக்குதாக்கா?"

"ஒண்ணுமே தெரியலடா. மாதா தூக்கிகினு போறாப்ல கீது."

எவ்வளவு நல்ல வாக்கியம்! அப்போதே ஆட்டோ பிடித்துத் திரும்பியிருக்க வேண்டும். நான் போனை எடுத்து அந்த வாக்கியத்தை இதழுக்காகக் குறித்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவள் இன்னும் எட்டு நாள் நடந்தாள்.

6

முடிவு அ: எலும்பு ஒட்டிவிட்டது.

முடிவு ஆ: ஒட்டவில்லை.

எக்ஸ்ரே திங்கட்கிழமை. இரண்டில் எதுவும் என் கையில் இல்லை. நேற்று, ஐந்தாம் பகுதி உட்பட, எல்லாவற்றையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கட்டுப் போட்ட காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"கதைதானடா எழுதுற? அந்தப் பந்தல்ல எனக்கு வலிச்சிச்சின்னு எழுதிடேன்."

எழுதினால் அது என் இரண்டாவது பொய். எழுதாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. மூன்று முறை முயன்றேன், கை ஓடவில்லை. நீங்கள் முடித்துக்கொடுங்கள்:

பந்தலில் அக்காவின் காலைக் கழுவிவிட்டேன். "வலிக்குதாக்கா?" என்று கேட்டேன். அவள்

_____

* இதழ் தீர்ந்துபோய் மறுபடி அச்சடித்தார்கள். அதைப் படித்துவிட்டு, எரிச்சல் நின்றது மாதா செயலென்று யாராவது நடந்தால் எனக்குத் தெரிய வழியில்லை.