இதுவும் ட்றக்தான்

செலீன் அந்த வண்டியை வாங்கியது குடும்பத்தில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பழைய டீசல் பிக்கப். அதன் முதுகில் கட்டில், அடுப்பு, சின்னக் கழிவறை எல்லாம் அடங்கிய ஒரு காம்பர். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல்கூடத்தில் அவளுக்கு வேலை. கணவன் இறந்த பிறகும், ஊர் உலகம் சுற்றப் போகிறவர்களுக்கெல்லாம் தட்டு நிரப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஐம்பது தாண்டியதும் இனி நானும் போகவேணும் என்று நினைத்தாள். ஆறு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற தடுசாக்கில் திமிங்கிலம் பார்ப்பதென்று முடிவு. கூட வரச் சம்மதித்தவள் அதே மேசையில் நின்று வேலை செய்யும் மட்டக்களப்பு மரியம்மா.

செலீனின் தமையன் வலன்ரைன் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நாலு பேர் கேட்கவே சொன்னார்:

"டீசல் எல்லா இடத்திலையும் இல்லைப் பிள்ளை. ரெண்டு பொம்பிளையள் நடுறோட்டிலை நிண்டுகொண்டு எனக்குத்தான் ஃபோன் அடிப்பியள்."

"அடிக்கமாட்டன் அண்ணை."

"அடிப்பாய். இருந்து பார்."

2006 ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டார்கள். வழக்கமாக டீசல் அடிக்கும் இடத்தில் அன்று பம்பின் தலையில் கறுப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. பழுதாம். சரி, இவ்வளவு பெரிய நகரத்தில் வேறு இடமா இல்லை என்று செலீன் வண்டியை விட்டாள். பெருவீதியில் திருத்த வேலை. எல்லா வாகனங்களையும் உள்வீதிகளுக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். ஊர்ந்து ஊர்ந்து போனதில் டீசல் முள் கீழே இறங்கிவிட்டது.

அடுத்த நிலையத்தில் கல்லாவில் இருந்த பெண் தலையே நிமிர்த்தவில்லை. "பா த டீசல், மதாம்." இல்லையாம். அதற்கடுத்ததில் டீசல் இருந்தது. ஆனால் கூரை தாழ்வு. செலீன் மெதுவாக நுழையப் பார்த்தாள். காம்பரின் தலை கூரை விளிம்பில் கிறீச்சென்று உரசியது.

"ஐயோ அக்கா, நில்லுங்க!" என்று மரியம்மா கத்தினாள்.

பின்னுக்கு எடுத்து வெளியே வருவதற்குள் வீதி முழுக்க ஹோர்ன் சத்தம். டீசல் முடிகிறதென்று காட்டும் மஞ்சள் விளக்கும் எரியத் தொடங்கிவிட்டது.

"திரும்பிப் போவமாக்கா?"

"போறதெண்டால் முன்னுக்குத்தான்."

துறைமுகத்தை ஒட்டிய வீதிக்கு வந்தபோது, முன்னால் கொள்கலன் ஏற்றிய ட்றக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. செலீனுக்கு மூளையில் பொறி தட்டியது. "இவங்கள் எல்லாம் எங்கையோ டீசல் அடிக்கத்தானே வேணும்?" ஒரு ட்றக்கின் வாலைப் பிடித்துப் பின்னாலேயே போனாள். அது ஒரு முற்றத்துக்குள் திரும்பியது. உயரமான பம்புகள், கூரையே இல்லை. செலீனும் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது செம்மஞ்சள் அங்கி போட்ட ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

இது ட்றக்குகளுக்கு மட்டும், கொம்பனி அட்டை வேணும், வெளியே எடு என்று பிரெஞ்சில் பொரிந்தான்.

"செ தன் கமியோன், முசியூ," என்றாள் செலீன். இதுவும் ட்றக்தான் ஐயா. வேலைத்தலத்தில் பொறுக்கிய பிரெஞ்சு அவ்வளவுதான், ஆனால் குரலில் நடுக்கம் இல்லை.

இழுவை வண்டியைக் கூப்பிடுவேன் என்று அவன் மிரட்டினான். செலீன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். கைப் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் போய், காம்பரின் பின்படியில் உட்கார்ந்து, ரோல்ஸ் பார்சலைப் பிரித்தாள். "மரியம்மா, வாரும். சாப்பிடுவம்."

மரியம்மா அங்கிக்காரனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என்றாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் நின்ற ட்றக்குகள் ஒன்றுமாறி ஒன்று ஊளையிட்டன. அந்த நேரம் பார்த்து மரியம்மாவின் மடியில் கிடந்த செலீனின் ஃபோன் அடித்தது.

"அக்கா, உங்கட அண்ணை."

செலீன் வாங்கிக் காதில் வைத்தாள்.

"எங்கை நிக்கிறாய்?"

"டீசல் லைனிலை."

"கிடைச்சுதோ? இல்லாட்டிச் சொல்லு, நான் வந்து வீட்டை கூட்டிக்கொண்டு..."

"அண்ணை, நீங்கள் சொன்னமாதிரி ஃபோன் வந்ததுதான். ஆனா அடிச்சது நீங்கள். வைக்கிறன்."

மரியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

அடுத்த ட்றக்கின் சாரதி, ஆறடிக்கு மேல் வளர்ந்த ஹெயிட்டிக்காரன், சண்டைக்கென்றே இறங்கி வந்தான். செலீன் சாவியை ஒருக்கால் திருப்பி அவனுக்கு அந்த மஞ்சள் விளக்கைக் காட்டி, தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் டீசல் முடிந்த கதையைச் சொன்னாள். அவன் காம்பரைச் சுற்றிப் பார்த்தான். பிறகு அங்கிக்காரன் பக்கம் திரும்பி, "குடுத்துத் தொலையேன், எனக்கு மத்தியானத்துக்குள் துறைமுகத்துக்குப் போகவேணும்!" என்று கத்தினான். மற்றச் சாரதிகளும் சேர்ந்துகொண்டார்கள். அங்கிக்காரன் வாய்க்குள் ஏதோ திட்டியபடி தன் அட்டையை எடுத்து உரசினான்.

அப்போதும் விதி விடவில்லை. பெரிய ட்றக்குகளுக்கான குழாய் வாய் பிக்கப்பின் துளைக்குள் நுழைய மறுத்தது. "பார்த்தாயா?" என்பதுபோல அங்கிக்காரன் கையை விரித்தான்.

"கான் இருக்கா?" என்று செலீன் சாரதியைப் பார்த்துக் கேட்டாள். அவன் தன் வண்டியிலிருந்து ஒரு வெறும் பிளாஸ்டிக் கானைக் கொண்டுவந்தான். மரியம்மா தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டி, கவிழ்த்துத் துளையில் செருகினாள். கானில் நிரப்புவதும் ஊற்றுவதுமாக இரண்டு பெண்களும் மாறி மாறித் தூக்கினார்கள். செலீனின் சட்டைக் கை முழுக்க டீசல். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. உதவிக்குக் கை நீட்டிய சாரதியை, "இல்லை, நாங்களே ஊத்துறம்," என்று விலக்கினாள். தாங்கி நிறைந்ததும் காசைக் கொடுத்து, "மெர்சி" என்று அங்கிக்காரனுக்கும் சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. ரப்பொந்தினி தாண்டிப் பெருவீதி அகலமாக விரிந்தபோது மரியம்மா திடீரென்று சொன்னாள்:

"அக்கா, ஓரமா நிப்பாட்டுங்க. எனக்கும் லைசென்ஸ் இருக்கு."

"நீர் கார் ஓடி நான் ஒருக்காலும் காணேல்லையே?"

"எங்கட வீட்டுக்காரர் கார் தரமாட்டார். நெடுஞ்சாலை எனக்குச் சரிவராதாம்."

செலீன் அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, இறங்கி, மற்றப் பக்கம் போய் ஏறினாள். மரியம்மா இருக்கையை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு அந்தக் கனத்த வண்டியை நெடுஞ்சாலைக்கு ஏற்றி, முன்னால் நகர்ந்த ஒரு காரை முந்திக்கொண்டு போனாள்.