டெனிஸ்டனின் வலக்கை

நேரங்கெட்ட நேரத்தில் பெக்டரிச் சங்கு அலறியது. ஒரே மூச்சாக அலறிப் பாதியில் அறுந்துபோனது. சிற்றாலயத்தைக் கூட்டிக்கொண்டிருந்த உபதேசியார் இருதயராஜ், விளக்குமாற்றைப் போட்டுவிட்டு மழைக்குள் இறங்கி ஓடினார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் டெனிஸ்டனை ஏற்றிக்கொண்டு தோட்டத்து லொறி போய்விட்டது. ரப்பர் ஷீட் தள்ளும் ரோலர் அவனுடைய வலக்கையை மணிக்கட்டோடு பிடுங்கியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, நசுங்கிய கையைத்தான் ஒட்ட முடியாது என்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மெஷினிலிருந்து எடுத்த கை, உரச்சாக்கில் சுற்றியபடி பெக்டரி வாசலிலேயே கிடந்தது.

அதை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. டெனிஸ்டனோடு ரோலரில் வேலை செய்யும் கன்னையா, ஆற்றில் விட்டுவிடலாம் என்றார். இருதயராஜுக்கு அது பொறுக்கவில்லை. கடவுள் ஒருவர் என்றும், அவருடைய மகன் நமக்காக இறந்து உயிர்த்தார் என்றும், பாவத்துக்கு மன்னிப்பு உண்டு என்றும் அவர் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அதுவரைக்கும் எல்லோரும் தலையாட்டுவார்கள். கடைசி நாளில் நம்முடைய இந்த உடம்பே எழும்பும் என்று சொல்லும்போதுதான் பெரியவர்கள்கூடத் தலையைச் சொறிவார்கள். அவர் மட்டும் அதை எழுத்துக்கு எழுத்து நம்பினார். ஞானஸ்நானம் பெற்றவனின் கை கோயில் மண்ணுக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

"ஆளு உசுரோட கெடக்கான், கைக்கு மட்டும் சாவு எடுக்குறதா? கருமாதிச் சோறும் உண்டுங்களா உபதேசியாரே?" என்றார் கன்னையா. யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர்தான்.

குழி வெட்டி முடிகிற நேரம் டெனிஸ்டனின் மனைவி அனிற்றா வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வரும்வரை காத்திருக்கிறவள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொதைச்சா இதும் எந்திரிக்குமா உபதேசியாரே?"

இருதயராஜ் நெகிழ்ந்துபோனார். இத்தனை வருஷம் போதித்ததற்கு ஒருத்தியாவது நம்பிக் கேட்கிறாளே என்றிருந்தது. ஒரு மயிரிழைகூடத் தொலையாது, அந்த நாளில் இந்தக் கை தன் உடம்பைத் தேடிப் போய்ச் சேரும், தழும்புகூட இருக்காது என்று மனசாரச் சொன்னார்.

"கன்னையா அண்ணே சொன்னாப்புல ஆத்துல விட்டா?"

"அந்த நாள்ல கடலே செத்தவங்களத் திருப்பிக் குடுக்கணும்மா. ஆறு என்னா செய்யும்?"

"எரிச்சுட்டா?"

சாம்பலிலிருந்தும் ஆண்டவர் எழுப்புவார் என்றார் அவர். அவள் முகம் கறுத்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டார். புருஷனுடைய கையைப் பத்திரமாகத் திரும்பப் பெற இப்படித் துடிக்கிறாளே என்று கன்னையாவிடம் மெல்லச் சொன்னார். கன்னையா குனிந்து மண்ணைத் தள்ளினார். அவருடைய வீடும் டெனிஸ்டன் இருக்கும் அதே லயத்து வரிசையில், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

ஜெபம் முடிந்தது. மழை வலுத்தது. கன்னையா மண்வெட்டியைக் கழுவப் போனார். அனிற்றா போகவில்லை. மழைத்தண்ணி ஓடும் கானோரம் கிடந்த கருங்கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அந்தச் சின்ன மேட்டின் மேல் அடுக்கினாள். மூச்சு வாங்கியது. விரல் நசுங்கி ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. இருதயராஜ் குடையை அவள் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு, குழி ஆழமாகத்தான் இருக்கிறது, நாய் தோண்டாது, போதும் என்றார்.

அவள் பெரிய கல்லாக இன்னொன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள்.

"நாய்க்கு இல்ல உபதேசியாரே. கலியாணம் கட்டுன நாள்லருந்து என்னைய அடிச்ச கை, அன்னைக்கும் எந்திரிச்சு வந்துறக் கூடாது."