மஞ்சள் சீட்டு

தங்கை காகிதத்தை மேசைமேல் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"ஒரு பக்கம்தான் அண்ணா. நீயே பண்ணிக் கொடு."

அவள் கணவர் இறந்து நாற்பத்திரண்டு நாள். எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். பதினோரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். கூட வேலை செய்த ஒருவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாக்குமூலம் எழுதியிருந்தார். இந்த நாட்டில் விசாரணை பிரெஞ்சில் நடக்கிறது. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றுவது என் வேலை.

"மொழிபெயர்த்தவர் சொந்தக்காரர்னு மேல ஒரு வரி எழுதிடுங்க," என்றார் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தை நடத்தும் மேடம். "கடைசியில நானும் பார்த்துக் கையெழுத்துப் போடறேன்." சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

நடுவில் அந்த வாக்கியம். பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஏறினான். ஆங்கிலத்தில் அவ்வளவுதான். பிரெஞ்சில் அப்படி விட முடியாது. அன்று ஒருநாள் ஏறியிருந்தால் ஓர் இறந்தகாலம். வழக்கமாகவே அப்படித்தான் என்றால் இன்னொன்று. ஏறினான், ஏறுவான் என்று நாம் பிரிப்பதைப் போல.

"ஒருநாள்னே போடு," என்றாள் தங்கை. "தினமும்னு போட்டா தப்பு அவர் மேலன்னு முடிச்சிடுவாங்க. யூனியன்காரர் சொன்னார். நாளைக்கு என் பொண்ணு அந்தத் தீர்ப்பைப் படிப்பா."

"எழுதினவர் என்ன நினைச்சாரோ."

"அவர் எங்க நினைச்சார். வந்த இங்கிலீஷை எழுதினார். இப்படியா அப்படியான்னு யார் வந்து பார்க்கப் போறாங்க?"

மேடம் பார்த்தாலும் இரண்டுமே சரியாகத்தான் தெரியும். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். சந்தேகம் வந்தால் எழுதியவரையே கேட்க வேண்டும். மஞ்சள் சீட்டில் கேள்வி, அதன் கீழே அவர் கைப்பட பதில். சீட்டை மொழிபெயர்ப்போடு சேர்த்துத் தைத்துவிடுவோம். கேட்டதைக் கேட்காததாக ஆக்க முடியாது. சந்தேகமே வராவிட்டால் சீட்டு வேண்டாம்.

"சந்தேகம் வராத ஆளு ரெண்டே வகை," என்பார் மேடம். "எல்லாம் தெரிஞ்சவன், இல்லன்னா பொய்யன். முதல் வகையை இதுவரைக்கும் நான் பார்த்ததில்ல."

ஒருநாள் என்றே தட்டச்சு செய்தேன். படித்துப் பார்த்தேன். வாக்கியத்தில் குறை எதுவும் இல்லை.

போன வருடம் மாப்பிள்ளை என் வீட்டு முன்னறைக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். பெல்ட்டைப் பற்றி ஏதோ கேட்டேன். "அதைத் தேடி எடுத்து மாட்டறதுக்குள்ள ஒரு தொட்டியையே முடிச்சிடலாம் மச்சான்," என்றார். "தங்கச்சிகிட்ட போட்டுக் கொடுத்துடாதீங்க." நான் சிரித்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தட்டச்சு செய்ததை அழித்தேன். இழுப்பறையிலிருந்து சீட்டை எடுத்தேன்.

"எதுக்கு அது?"

"அவரைக் கேக்கணும்."

"யாருக்காக?"

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"கூடப் பிறந்தவன்னு உன்கிட்ட வந்தேன் பாரு," என்றாள். போகும்போது அவள் பையின் வார் கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நான்காம் நாள் சீட்டு திரும்பி வந்தது. இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார்.

தினமும். நாங்கள் எல்லோரும். எட்டுப் பேருக்கு இரண்டு பெல்ட். அதுவும் சோதனைக்கு ஆள் வரும் நாளில்தான் அலமாரியிலிருந்து வெளியே வரும். இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

மேடம் இரண்டு முறை படித்தார். "இதையும் பிரெஞ்சுல போடுங்க. ஒரு சொல் விடாம." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாலை தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. நின்றபடியே சீட்டின் நகலைப் பார்த்துத் தமிழில் படித்துச் சொன்னேன்.

"எட்டுப் பேருக்கு ரெண்டா?"

"ஆமா."

"அப்ப தப்பு அவர் மேல மட்டும் இல்ல."

"இல்ல."

அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். வாசலருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவர் ஷூ. மேலெல்லாம் சாம்பல் நிறப் பெயின்ட் துளிகள்.

"இதுலதான் உக்காந்து ஷூவைக் கழட்டுவார். பெல்ட் போட்டீங்களான்னு கேப்பேன். போட்டேன்மான்னு சொல்வார், குனிஞ்சபடியே. ஒருநாள் விடாம கேட்டிருக்கேன்."

உள்ளே அவள் மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா அண்ணா?"

"ஒரு தடவை சொன்னார். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னார்."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன்."

ஷூ ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நகத்தால் ஒரு துளியைச் சுரண்டினாள். அது வரவில்லை.

"இன்னொரு தடவை படி," என்றாள்.

தினமும் என்பதிலிருந்து தொடங்கினேன்.