ரப்பர் பால் பூசிய ஸ்பீக்கர்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். இந்தக் கதைக்குக் காதுதான் வேண்டும். ஒரு பெண் கோபப்பட்ட கதையைச் சொல்லப் போகிறேன். கடைசியில் கோபம் ஆறிவிடும் என்று நினைத்து உட்காராதீர்கள். ஆறவில்லை. ஆறவேண்டிய கோபமும் இல்லை அது.

இசபெல்லா பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் செம்பனையாகி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு ஈப்போவுக்கு வந்தாள். பகலில் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் வேலை. சனிக்கிழமையானால் கித்தாரைத் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபங்களுக்குப் போய்விடுவாள். இருபது வயதில் தொடங்கியது, இப்போது ஐம்பத்தைந்து. தம்பி ஜோனதன் டிரம் அடிப்பான். பேராக் முழுக்க அவர்கள் வாசிக்காத மண்டபம் குறைவு.

அவளுடைய கித்தார் ஆம்போடு சேர்ந்த பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. இங்கிலாந்தில் செய்தவை, பன்னிரண்டு அங்குலம், முதுகில் சாம்பல் நிறக் காந்தம். அவள் பாட்டு வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே அவை பழசு. வாங்கிய மூன்றாம் வருடம், சிலிம் ரிவரிலிருந்து லாரியில் திரும்பும்போது ஜோனதனின் சிம்பல் தாங்கி சரிந்து விழுந்து, ஒன்றின் காகிதக் கோனை ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. மறுநாளே இன்னொரு கல்யாணம். அப்போது அவள் இன்னும் தோட்டத்தில்தான் இருந்தாள், ரிப்பேர் கடை எல்லாம் ஈப்போவில். அவளுடைய அம்மா அன்று ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து வாளியை வாசலில் வைத்திருந்தாள். இசபெல்லா அதில் ஒரு மங்கு எடுத்தாள். கட்டிப்போகாமல் இருக்க, பால் ஸ்டோரில் கலக்கும் மருந்தில் இரண்டு சொட்டு விட்டாள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைக் கிழிசலின் மேல் ஒட்டி, தாடி மழிக்கும் பிரஷால் ஓரம் முழுக்க ஒரே அளவாகப் பூசினாள். ஒன்றுக்குப் பூசி மற்றதை விட்டால் சத்தம் ஒத்துப்போகாதே என்று இன்னொன்றுக்கும் பூசினாள்.

மறுநாள் வாசித்தபோது அவளுக்கே அதிசயம். உச்சத்தில் காதைக் கிழித்துக்கொண்டிருந்த கூச்சல் போய்விட்டது. அடியில் இருந்த உறுமல் மட்டும் வழவழவென்று வந்தது. முப்பது வருடம் அந்தப் பால் அப்படியே தேன் நிறமாகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள், பாட்டுக்காரர்கள், மண்டபத்தில் சமைக்க வந்தவர்கள்கூட, கண்ணை மூடிக்கொண்டு, இது இசபெல்லா கித்தார் என்று சொல்வார்கள். அவள் குரலே அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் சிலிம் ரிவரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பெண் உள்ளே வரும் நேரம். முதல் அடி அடித்தாள். அடித்த கை அப்படியே நின்றது. பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து அவள் வாசித்தாள், இன்னொரு பக்கத்திலிருந்து வேறு யாரோ வாசித்தார்கள். கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எப்படியோ வாசித்து முடித்தாள். சாப்பிடப் போகாமல் பெட்டியின் முதுகைக் கழற்றினாள். ஒரு பழைய ஸ்பீக்கர் இருந்தது. இன்னொன்றின் இடத்தில் பளபளவென்று புத்தம் புதிதாக ஏதோ ஒன்று.

ஜோனதனைக் கூப்பிட்டாள். வாத்தியச் சாமானெல்லாம் அவன் வீட்டில்தான் இருக்கும். அவன் சோற்றுக் கையோடு வந்து, பெட்டியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

பாலன் அண்ணே வந்தாராம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒன்றைக் கேட்டாராம். கொடுத்தானாம். அதன் இடத்தில் இந்தப் புதுசை அவரே திருகிவைத்தாராம். மூன்று வாரம் ஆகிறதாம். அந்த மூன்று வாரமும் கல்யாணம் எதுவும் இல்லாததால் அவள் பெட்டியைத் தொடவே இல்லை.

இந்தப் பாலன் அண்ணே, ஜெயபாலன், யார் என்று சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் வசதியான மனிதர். பாட்டு கேட்பதில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். பழைய ஸ்பீக்கர்களைப் பெட்டியில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே பாட்டைப் பத்துத் தடவை கேட்டு, இதில் வயலின் நன்றாக இருக்கிறது, அதில் மூச்சு நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். தப்பான மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. சாமான் ஏற்ற அவருடைய வேனைத்தான் இவர்கள் பல வருடமாக எடுத்துப் போகிறார்கள். அதனால்தான் ஜோனதனுக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"என்னைக் கேட்டியா?" என்றாள் இசபெல்லா.

"நீ வேலைல இருந்த அக்கா. பழசுதானே, கிழிஞ்சி வேற இருந்திச்சி. அண்ணே நல்லாக்கித் தரேன்னாரு லா."

"மொதல்ல கிழிச்சவனும் நீதான். இப்ப குடுத்தவனும் நீதான்."

அங்கேயே ஜெயபாலனுக்கு போன் போட்டாள். அவர் குரலில் ஒரே சந்தோஷம். உன் ஸ்பீக்கர் ரோசாக் ஆகி, கெட்டுக் கிடந்தது, ஓரமெல்லாம் அழுக்குப் பிசின், ஸ்பீக்கர் ரிப்பேர் செய்கிற சீனியிடம் கொடுத்துப் புதுக் கோன் போடச் சொல்லிவிட்டேன், உனக்குச் செய்கிற உபகாரமாக நினைத்துக்கொள் என்றார். மற்றதையும் அனுப்பிவிடு, சோடியாகச் செய்துவிடலாம் என்றார். இசபெல்லா, அது அழுக்கு இல்லை அண்ணே என்றாள். அவர் சிரித்தார். கித்தார் வாசிக்கிறவர்களுக்கு சத்தம் போடத்தான் தெரியும், சத்தம் கேட்கத் தெரியாது என்று ஒரு பகடியும் சொன்னார்.

அந்த ஒரு சொல் அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. தொழிற்சாலையில் எட்டு கையுறையை ஓட்டை என்று தப்பாக ஒதுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, பழைய ஈப்போவில் மாடிப்படி ஏறிப் போகும் சீனியின் கடைக்குப் போனாள். சீனி ஸ்பீக்கர்களுக்குக் கோன் மாற்றுவதில் கைதேர்ந்தவர். அவள் சொல்வதை முழுக்கக் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"ஒங்களோடதா அது?"

அவள் தலையாட்டினாள்.

"அவரோடதுன்னாரேம்மா. நான் கேட்டேன். இந்தப் பால் சும்மா ஒட்டினது இல்லையே, யாரோ வேணும்னு அளவா பூசியிருக்காங்களே, வெட்டணுமான்னு கேட்டேன். என்னோடது, எனக்குத் தெரியும், வெட்டுன்னாரு."

விஷயம் அதோடு முடியவில்லை. ஜெயபாலன் கேட்டது கித்தாருக்கான கோன் இல்லை. பாட்டு கேட்கிற பெட்டிக்கான மெத்தென்ற கோன். புதுப் பெட்டி இரண்டு செய்து வைத்திருக்கிறாராம், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டாவது ஸ்பீக்கர் அடுத்த வாரம் வரும் என்று சீனியிடம் சொல்லியும் வைத்துவிட்டார். முதலாவதை முந்தாநாளே வாங்கிப்போய்விட்டார்.

புரிந்ததா, கண்ணுகளா? உபகாரம் என்று சொன்னது யாருக்கு என்று புரிந்ததா? அவள் பெட்டியில் திருகிவைத்த அந்தப் பளபளப்பான புதுசு, தற்காலிகம் இல்லை. அதுதான் அவளுக்கு அவர் போட்ட பங்கு.

சீனிக்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டியெடுத்த கோனைத் தூக்கிப் போடமாட்டார்; உரியவர் வந்து கேட்டால் கொடுக்க வேண்டும் என்று பையில் போட்டுப் பெயர் எழுதி வைப்பார். அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்தார். மேலே ஜெயபாலன் என்று எழுதியிருந்தது. உள்ளே அவளுடைய கோன், நான்காகக் கிழிந்து, ஓரத்தில் தேன் நிறப் பாலோடு. சிகரெட் தாள் ஒட்டிய இடம்கூட அப்படியே இருந்தது. சீனி பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிட்டு, உங்கள் பெயர் என்னம்மா என்று கேட்டார்.

அவள் அழுதாள் என்று சொல்லமாட்டேன். அழவில்லை. படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரை அவ்வளவு அழுத்திப் பிடித்ததில் உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, ஆம்பையும் பெட்டியையும் ஜோனதனைத் தூக்கவைத்து, ஜெயபாலன் வீட்டுக்குப் போனாள். வேனில் இல்லை, வாடகைக் காரில். வழியில் ஜோனதன் இரண்டு தடவை, விடு அக்கா, பெரிய மனிதர் என்றான். மூன்றாம் தடவை சொல்லத் துணியவில்லை.

கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் இரண்டு தேக்குப் பெட்டிகள். இடப்பக்கத்துப் பெட்டியில் அவளுடைய காந்தமும் சட்டமும் புதுக் கோனோடு பாடிக்கொண்டிருந்தன. வலப்பக்கத்துப் பெட்டியில் வட்டமாக வெறும் ஓட்டை. அவளிடம் இருக்கும் இரண்டாவதற்காக வெட்டி வைத்த ஓட்டை.

ஜெயபாலன் மலர்ந்த முகத்தோடு எழுந்தார். சோடியைக் கொண்டுவந்துவிட்டாள் என்றே நினைத்தார். உட்கார், முதலில் கேள் என்றார். கேட்டாள். ஒரு பெண் குரல், பழைய பாட்டு. நான் நியாயத்தைச் சொல்ல வேண்டும்: அது அழகாக இருந்தது. பாடுகிறவள் மூச்சு எடுப்பது கேட்டது. உதடு ஒட்டிப் பிரிவதும் கேட்டது. இருந்தவர்கள் எல்லாரும் இசபெல்லாவின் முகத்தைப் பார்த்தார்கள், நன்றி சொல்லுவாள் என்று.

அவள் எழுந்து தன் ஆம்பிலிருந்து ஒரு வயரை இழுத்து அந்தப் பெட்டியில் கொடுத்தாள். கித்தாரில் ஒரே ஒரு அடி. சுத்தமான சத்தம். கண்ணாடித் தட்டில் கரண்டி விழுந்த மாதிரி. உயிர் என்று ஒன்றுமில்லை. பிறகு அதே வயரைத் தன் பெட்டியில் மிச்சமிருந்த பழைய ஸ்பீக்கரில் கொடுத்து, அதே அடி. கூடத்து ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன்னை அறியாமல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

ஜெயபாலன் விடவில்லை. அந்தப் பால் பூசியதில் என் பாட்டைப் போடு பார்ப்போம் என்றார். போட்டார்கள். அந்தப் பெண்ணின் குரல் தகர டின்னுக்குள் இருந்து வருவது மாதிரி மூக்கால் வந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா? ரோசாக்," என்றார் ஜெயபாலன். "நான் சொன்னா கேக்கமாட்டேங்குது."

"அது பாட்டு கேக்குறதுக்கு இல்ல," என்றாள் இசபெல்லா. "பாட்டு வாசிக்கிறதுக்கு. ஒரே காந்தம், ஒரே இரும்பு, வேற வேற வேலை. ஒங்க வேலைக்கு ஒங்களோடத வெட்டியிருக்கலாம்."

வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவள் அவரை அண்ணே என்று சொல்லவில்லை. அதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

பாட்டைத் திரும்பத் தன் தேக்குப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, நல்லதுதானே செய்தேன், இப்போது எவ்வளவு நன்றாகப் பாடுகிறது என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். அவள் பையை எடுத்து, கோன் துண்டுகளை அவருடைய கண்ணாடி மேசை மேல் கொட்டினாள். பையைத் தட்டி நிமிர்த்தி, அடித்த பெயரும் எழுதிய பெயரும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

"சீனி ஒங்களக் கேட்டாரு, யாரோடதுன்னு. இவங்க முன்னாடி இப்ப நான் கேக்குறேன், ஜெயபாலன். யாரோடது?"

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதை நிறுத்தவில்லை. ஜெயபாலன் கழுத்தைத் தடவினார். உனக்குப் புதுசு இரண்டு வாங்கித் தருகிறேன் என்றார். ஏற்கெனவே ஒன்று கொடுத்தேனே என்றார். இந்த வயதில் இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது என்றார். நாற்காலி நுனிக்கு வந்தவர் எழுந்து, காப்பி ஆறிவிட்டது என்று யாரிடமோ சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

இசபெல்லா திருப்புளியைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"கழட்டு."

ஜோனதன் ஜெயபாலனைப் பார்த்தான். பல வருடத்து வேன் அவன் கண்ணில் ஓடியிருக்கும். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, எட்டுத் திருகையும் கழற்றினான். பாட்டு பாதியில் நின்றது. ஜெயபாலன் குரல் அப்போதுதான் உயர்ந்தது: உன் ஆம்புக்கு இது உதவாதே, எடுத்துப்போய் என்ன செய்யப் போகிறாய், இங்கேயாவது நன்றாகப் பாடுமே.

"ஒதவாட்டியும் என்னோடது," என்றாள்.

அவர் போட்ட பளபளப்பான புதுசைத் தன் பெட்டியிலிருந்து கழற்றித் துடைத்து, அவருடைய மேசை மேல் கோன் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். துண்டுகளை மட்டும் திரும்பவும் பையில் அள்ளிக்கொண்டாள். அவர்கள் வெளியே வரும்போது கூடத்தில் இரண்டு தேக்குப் பெட்டிகளும் ஓட்டையாக நின்றன.

அதற்குப் பிறகு இசபெல்லா ஒற்றை ஸ்பீக்கரோடு வாசிக்கிறாள். சத்தம் பாதி, ஒலிவாங்கியை அதன் முன்னால் வைத்துச் சரிக்கட்டுகிறாள். புதுக் கோன் போட்டதை ஆம்பில் மாட்டவில்லை. சிலிம் ரிவரில் இன்னும் சொந்தமாகப் பத்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற உடையப்பனிடம் பால் வாங்கிப் பூசலாமே என்று ஜோனதன் சொன்னான். முப்பது வருடத்தைப் பிரஷால் பூச முடியுமா என்று கேட்டாள். இப்போதெல்லாம் அவன் ஒரு டிரம் குச்சி இரவல் கொடுப்பதென்றாலும் அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறான்.

புதுக் கோன் போட்ட அந்த ஸ்பீக்கருக்குப் பலகையில் ஒரு பெட்டி செய்து வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறாள். காலையில் வானொலி அதில்தான். நான் போயிருந்தபோது கேட்டேன். என்ன சொல்ல, அவ்வளவு தெளிவு. நன்றாகப் பாடுகிறதே என்று சொல்லிவிட்டேன். இசபெல்லா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா," என்றாள். "அது நல்லா பாடுறப்ப எல்லாம் எனக்குக் கோவம் வருது."

சரி, கண்ணுகளா, எழுந்திருக்கலாம். உங்கள் வீட்டுப் பொருளை உங்களைக் கேட்காமல் நல்லதாக்க யாரும் வராதிருக்கட்டும். கேட்டு வருகிறவர்களுக்கு உங்கள் வாசல் திறந்தே இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண் கோபப்பட்டால், விடு என்று சொல்லாமல், என்ன நடந்தது என்று கேட்க அந்த வீட்டில் ஒருவராவது இருக்கட்டும். நீங்களும் உங்கள் பிள்ளைகளும், உங்கள் வீட்டில் எழும் ஒவ்வொரு சத்தமும், நன்றாக இருக்கட்டும்.