ஒரு கரண்டி தாராளம்

மண் சோதனைக்கூடத்தில் அவருக்குப் பெட்டி அண்ணன் என்று பெயர். இரண்டு பாதியாகப் பிரியும் பித்தளைப் பெட்டி அது. மணலை நிரப்பி, மேலே எடை ஏற்றி, கீழ்ப்பாதியை இயந்திரத்தால் தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளுக்கு மணல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறதோ, அதுவே அதன் பலம். இருபத்தாறு வருஷமாக வேறு யாரையும் அந்தப் பெட்டியைத் தொட அண்ணன் விட்டதில்லை. மற்றவர்கள் கை வைத்தால் கணக்கு கோணிக்கொள்ளுமாம்.

நிரப்புவதில் அவருக்கென்று ஒரு கைவாகு. இறுகாத மணல் என்றால், நிலத்தில் கிடந்த அதே தளர்வோடு பெட்டியிலும் கிடக்க வேண்டும். அதற்காகவே எடை போட்டு அளவாகக் கொடுப்பார்கள். அண்ணன் அதைக் கொட்டி, பெட்டியின் விலாவில் செல்லமாக இரண்டு தட்டுத் தட்டுவார். மணல் சற்று இறங்கும். குறையாக விட மனசு வராது. ஒரு கரண்டி கூடப் போட்டு மட்டம் செய்வார்.

“கஞ்சத்தனம் நமக்கு ஆகாது” என்பார்.

மகள் வீடு கட்ட மனை வாங்கினாள். அந்த மண்ணை இன்னொருவர் கையில் கொடுப்பாரா? முப்பத்தாறு டிகிரி என்று வந்தது. இந்த எண் ஏற ஏற மண் பலசாலி. மாப்பிள்ளை அந்த அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். அடுத்த வாரம் அஸ்திவாரம் என்று முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமை அவர் மனைவி டப்பாவில் சர்க்கரை கொட்டிக்கொண்டிருந்தாள். டப்பா நிறைந்தும் பொட்டலத்தில் மிச்சம். டப்பாவை மேடையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மிச்சமும் உள்ளே போய்விட்டது.

“அதான் நிறைஞ்சிடுச்சே, அது எப்படிப் போச்சு?”

“தட்டினா இறுகி இடம் கொடுக்குமில்ல. இதுகூடத் தெரியாம என்னத்த வேலைக்குப் போயிட்டு வர்றீங்க?”

அண்ணன் டப்பாவையும் தன் வலது கையையும் மாறி மாறிப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு ஓடினார். மகள் மனையின் மிச்ச மணலைத் தட்டாமல் கொட்டினார். வலது கை பழக்கதோஷத்தில் தானாகக் கிளம்பியது. இடது கையால் பிடித்து வைத்துக்கொண்டார். இருபத்தொன்பது. மறுபடியும் செய்தார். அதே இருபத்தொன்பது.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று பஸ்ஸில் இரண்டு முறை தோன்றியது. அந்த வீட்டுக்குள் மகள் தூங்குவாள் என்று நினைத்ததும் அந்த எண்ணத்தை விட்டார். நேரே போய்ச் சொல்லிவிட்டார்.

“தப்பு என்னோடதும்மா. அந்த மண்ணு அவ்வளவு தாங்காது.”

மாப்பிள்ளை பெருந்தன்மையானவர். “விடுங்க மாமா. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துக்கலாமே.”

“மணலுக்கு அந்தக் கணக்கு தெரியாது மாப்பிள்ளை.”

அஸ்திவாரம் தள்ளிப்போனது. இறுகாத மணலுக்கு வைத்தியம் ஒன்றுதான்: ஆட்டி அசைத்து இறுக்க வேண்டும். பெரிய இயந்திரம் வந்து பத்து நாள் மனை முழுவதையும் தட்டித் தீர்த்தது. மண் இறங்கியது. மட்டம் செய்ய எட்டு லாரி மணல் போட்டு அதையும் தட்டினார்கள். பிறகு எடுத்த மண்ணை அதன் இறுக்கத்துக்கு எடை போட்டு நிரப்பிச் சோதித்தார் அண்ணன். முப்பத்தாறு.

“பாத்தீங்களா மாமா, கடைசியில உங்க ரிப்போர்ட்தான் ஜெயிச்சுது” என்று மாப்பிள்ளை சிரித்தார். வெட்கம்கெட்டு அண்ணனும் கொஞ்சம் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. “ஏம்ப்பா, இத்தனை வருஷமா நீங்க தட்டிப் பார்த்த மண்ணுக்கெல்லாம் யாரு மெஷின் கொண்டு வந்தா?”

மறுநாள் அண்ணன் பெட்டியைத் தொடவில்லை. அலமாரியிலிருந்து இருபத்தாறு பதிவேடுகளையும் இறக்கி மேஜையில் அடுக்கினார். இறுகாத மணல் என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் தனித்தாளில் குறிக்க உட்கார்ந்தார். முதல் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.