கரண்ட் இல்லாத நேரம்

ஷீலா ஒரு கட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. செங்கல்பட்டில் நான் நடத்துவது கண்ட்ரோல் போர்டு ரிப்பேர் கடை, விறகுக்கடை இல்லை.

"ஐஸ் ஒடைக்கிற மெஷினு தானா ஓடுது ஷபானாக்கா," என்றாள். மீன் விற்கிறவள், தொண்டை பெரிது. அன்று குரலே எழும்பவில்லை. "தம்பி இந்தக் கட்டைய மெஷின் வாயில சொருகிட்டு டீ குடிக்கப் போய்க்கீறான். பட்டன்கிட்ட ஈ காக்கா இல்ல. வந்து பாத்தா இப்பிடிக் கீது. இன்னிக்குக் கட்டை. நாளைக்கு அவன் கையி."

கட்டையின் முனை துடைப்பம் போலப் பிய்ந்திருந்தது. அதற்குப் பிறகு எரிச்சல்பட எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை மாமல்லபுரம் தாண்டி அவர்கள் குப்பத்துக்குப் போனேன். தம்பி சுதாகர்தான் மெஷினை ஓட்டுகிறவன். மெஷினின் கண்ட்ரோல் டப்பாவைத் திறந்தால் போர்டு முழுக்க உப்புப் பூத்திருந்தது. சிப்பில் உள்ள ஒரு சின்னக் கம்பிக் கால், பின் என்போம், அதுதான் மோட்டாரை ஓடு, நில் என்று சொல்வது. அதற்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும்.

மெயின் சுவிட்சை இறக்கி, பாதுகாப்புக்காக மோட்டார் ஒயரைக் கழற்றினேன். உப்பைத் துடைத்து, பின்னுக்குப் புதிதாக ஈயம் வைத்தேன். மெயினைப் போட்டதும், மோட்டாருக்குக் கரண்ட் விடும் ரிலே டிக் என்றது. அதை நான் சட்டை செய்யவில்லை. பட்டனை அழுத்தி அழுத்தி மீட்டரில் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. வாத்தியார் நுழைந்த வகுப்பு மாதிரி அவ்வளவு அடக்கம்.

"ஐஸ் அடைச்சா கையை விட்டுத்தான் எடுப்பியா?" என்று சுதாகரைக் கேட்டேன்.

"இன்னா மேடம், எனக்கின்னா பைத்தியமா? கரண்ட் கீறப்ப கட்டை. கரண்ட் போனப்புறம்தான் கை. அதான் தெனம் போவுதே!"

"புத்திசாலி," என்றேன். மோட்டார் ஒயரை மாட்டி, சரியாகிவிட்டது என்று ஷீலாவிடம் சொல்லிவிட்டு, பஸ் வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்தேன்.

பஜ்ஜியைப் பாதி கடித்திருப்பேன். தலைக்கு மேல் ஃபேன் நின்றது.

"போச்சுடா," என்றார் கடைக்காரர்.

மெயினைப் போட்டபோது கேட்ட அந்த டிக் அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் பட்டனைத் தொடாதபோது ரிலே எதற்கு டிக் என்றது? கரண்ட் திரும்பி வரும்போது சிப் தூக்கத்திலிருந்து எழ ஒரு நொடி ஆகும். அதுவரை அந்தப் பின் யார் பேச்சையும் கேட்காது, அந்தரத்தில் ஆடும். அதைத் தரையோடு கட்டிவைக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும். போர்டு செய்தவன் போடவில்லை, நானும் பார்க்கவில்லை. கட்டை பிய்ந்ததும் கரண்ட் வந்த நேரத்தில்தான் இருக்கும். கரண்ட் இல்லாத நேரம் பார்த்து சுதாகர் கையை விடுவான். நான் வேறு புத்திசாலி என்று சொல்லியிருக்கிறேன்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். மணலில் கால் புதைந்தது. தூரத்தில் சுதாகர் முழங்கை வரை இரண்டு கையையும் மெஷினுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"கையை எடு! சுதாகர், கையை எடு!"

கடல் காற்றில் என் குரல் அவனுக்கு எப்படிக் கேட்டதோ. கரண்ட் இருக்கிறதா என்று நான் கேட்பதாக நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. என் பக்கம் திரும்பி, இல்லை என்று சொல்ல இரண்டு கையையும் வெளியே எடுத்து விரித்தான்.

மெஷின் ஓடியது.

ஒரே ஒரு சுற்று. ஐஸ் நொறுங்கி அவன் முகத்தில் தெறித்தது. பிறகு தானாகவே நின்றது. விரித்த கை விரித்தபடி அவன் நின்றான், வாய் மட்டும் கோணியது.

மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஷீலா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் அவனைப் பளாரென்று அறைந்தாள். அப்புறம் என்னிடம் திரும்பினாள்.

"சரியாயிடுச்சின்னு சொன்னியேக்கா."

நான் அதற்குள் மெயினை இறக்கியிருந்தேன். அந்தப் பிடியிலிருந்து கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.