பீப் சத்தத்துக்குப் பிறகு

போனில் ஒரு கோளாறும் இல்லை என்று பஸ்ஸில் ஏறியதிலிருந்து அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். ஆன்சரிங் மெஷினைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கார்ட்லெஸ் ரிசீவர் மகளின் பையில் இருந்தது.

"நல்லா இருக்கறதைக் கொண்டுபோய்க் குடுத்தா, கெடுத்துத்தான் திருப்பிக் குடுப்பான்."

"நல்லா இருந்தா நாலே நாலு மெசேஜ்ல டேப் எப்படிப்பா நிறைஞ்சு போகும்? புதன்கிழமைக்கு மேல ஒரு கஸ்டமரும் பேச முடியலையாம். கடையை மூடிட்டியான்னு கேக்கறாங்க."

"டேப் பழசாகிச் சுருங்கியிருக்கும். புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சுது கதை."

"சுருங்கறதுக்கு அது என்ன காட்டன் துணியா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகளை ஊரில் எல்லோரும் தையலக்கா என்பார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. முன்னறையில் தையல் மெஷின், உள்ளறையில் அப்பா, இதுதான் குடும்பம். மெஷினை மிதித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. போன் அடித்து அடித்து ஓய்ந்து, வர வேண்டிய வேலையெல்லாம் அடுத்த தெருத் தையல்காரரிடம் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் கார்ட்லெஸ்ஸும் ஆன்சரிங் மெஷினும் சேர்ந்த அந்தப் பெட்டியை வாங்கினாள்.

அதற்கு முதலில் பேசி வைக்க ஒரு குரல் வேண்டும் என்றதும் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சும்மாவா, ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது எவ்வளவு தாமதம் என்று ஆயுசில் பாதியை மைக் முன்னால் கழித்தவர். 'தயவுசெய்து கவனிக்கவும். வீட்டில் உள்ளவர்கள் தற்சமயம் வேலையாக இருக்கிறார்கள். பீப் சத்தத்துக்குப் பிறகு தங்கள் பெயரையும் துணியின் விவரத்தையும் தெரிவிக்கவும்.' இதைக் கேட்பதற்காகவே சிலர் போன் செய்து சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை பிடிபடவில்லை.

அதிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. போன் அடித்தால் யாரும் உடனே எடுப்பதில்லை. மெஷின் எடுக்கட்டும், பீப் அடிக்கட்டும், கூப்பிடுவது யார் என்று ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்கட்டும். 'திரைச்சீலை ரெடியா, எத்தனை தடவை கேக்கறது' என்று யாராவது ஆரம்பித்தால் தையலக்கா வாயில் குண்டூசியோடு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். வெளியூரில் இருக்கும் அக்காவின் குரல் என்றால் மட்டும் ஓடிப்போய் ரிசீவரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். மனசில் உள்ளதைக் கொட்ட அவளுக்கு அக்காவை விட்டால் ஆள் கிடையாது.

அவள் தைத்துக்கொண்டே இருந்ததால், மெஷினில் விழுந்ததையெல்லாம் போட்டுக் கேட்டு அவளுக்குச் சொல்வது அப்பாவின் வேலை. தினமும் மதியம் கதவு நிலையில் நின்று, 'கவனிக்கவும். வங்கி மேலாளரின் கால்சட்டை, இடுப்பு ஒரு அங்குலம் தளர்த்தப்பட வேண்டும்' என்று அறிவிப்பார். அவள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்வாள். டேப்பை அழிப்பதை மட்டும் அவள் அவரிடம் விடவில்லை. சனிக்கிழமை அவளே பட்டனை அமுக்கி மொத்தமாகத் துடைத்துவிடுவாள். அவளாக ஒருநாளும் டேப்பைப் போட்டுக் கேட்டதில்லை. அப்பா இருக்கும்போது அதற்கு என்ன அவசியம்?

ரிப்பேர் கடையில் ஏற்கெனவே இரண்டு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். ஒரு வழுக்கைத்தலைக்காரர் தன் கார்ட்லெஸ்ஸில் மேல்மாடிக்காரன் பேசுவதெல்லாம் கேட்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவன் அவனோட மாமியார்கிட்ட என்னைப் பத்திப் பேசறான் சார். கஞ்சனாம் நான்!"

"சேனலை மாத்தித் தரேன், இனிமே கேக்காது" என்றார் மெக்கானிக்.

"உடனே மாத்த வேண்டாம். இன்னும் என்ன சொல்றான்னு பாத்துக்கறேன்."

அவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள், ரிசீவரைத் துணி துவைக்கிற மெஷினுக்குள் போட்டுவிட்டு, தண்ணீர் தானாகவே உள்ளே போய்விட்டதாகச் சாதித்துக்கொண்டிருந்தார். தையலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. துண்டின் முடிச்சை அவிழ்க்காமல் நின்றார்.

"டேப் மட்டும் மாத்துங்க, போதும்" என்றார்.

மெக்கானிக் அவராகவே முடிச்சை அவிழ்த்து, மெஷினை மேசையில் வைத்து வயரைச் சொருகினார். டேப்பை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டார்.

"டேப் நல்லாத்தான் இருக்கு. போன் அடிச்சா நீங்க எப்ப எடுப்பீங்க?"

தையலக்கா தன் வீட்டு வழக்கத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அவர் சிரித்தார்.

"அதான் சங்கதி. பீப் அடிச்சதுக்கப்புறம் எடுத்தா, இந்த மாடல்ல ஸ்டாப் பட்டனை அமுக்கணும்மா. இல்லேன்னா நீங்க போனை வைக்கிற வரைக்கும் ரெண்டு பக்கப் பேச்சையும் பிடிச்சுக்கிட்டே இருக்கும். வாரத்துக்கு ஒருத்தராவது இதே புகாரோட வராங்க."

அவள் எடுத்த போன் எல்லாம் அக்காவுடையது. கொல்லைப்பக்கம் போய், கதவைச் சாத்திக்கொண்டு, குரலை இறக்கிப் பேசியதெல்லாம் முன்னறையில் இந்தப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை என்ன பேசினாள் என்பது வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது.

"புரிஞ்சுதுங்க. போட வேண்டாம். அழிச்சிடுங்க."

"ஒரு நிமிஷம், காட்டிடறேன். அப்பதான் மறக்காது" என்று அவர் பட்டனை அமுக்கிவிட்டார். தொழிலில் அக்கறையுள்ள மனுஷன், என்ன செய்வது.

முதலில் யாரோ ஒரு கோட்டின் கையைக் குறைக்கச் சொன்னார்கள். பிறகு அக்காவின் குரல். 'நான்தாண்டி. இருக்கியா? எடு.' பிறகு கடை முழுக்கத் தையலக்காவின் குரல் கேட்டது.

'என்னால முடியலக்கா. ராத்திரி ஒரு சின்னச் சத்தம் கேட்டாப் போதும், விழுந்துட்டாரோன்னு எழுந்து ஓடறேன். அடுப்பை அணைச்சாரா, குழாயை மூடினாரான்னு தைக்கிற நேரத்துல பாதி இதுலயே போகுது. நீ ஒரு ஆறு மாசம் வச்சுக்கயேன். உனக்கு முடியாதுன்னா வேற ஏதாவது இடம் பாரு. எனக்கு அவர் முகத்தைப் பாத்தாலே இப்பெல்லாம் மூச்சு முட்டுது.'

வழுக்கைத்தலைக்காரர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அந்த அம்மாள் தன் ஈர ரிசீவரைத் துடைக்க ஆரம்பித்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று தையலக்கா நின்றாள். அப்பா இருக்கும் பக்கம் அவளால் திரும்ப முடியவில்லை.

அப்போது அப்பாவின் குரல் கேட்டது. அவருடைய பழைய மைக் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"இது செவ்வாய்க்கிழமை வந்தது. இதைத் தள்ளிவிட்டுடுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே தாம் சொன்னது உறைத்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடி வாங்கியவர்போல் அல்ல, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர்போல் நின்றார்.

மெக்கானிக் பதறிப்போய் டேப்பை ஓட்டினார். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அடுத்த மெசேஜின் தலையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

'முதியோர் இல்லத்திலேர்ந்து பேசறேன். ஐயா இருக்காங்களா?'

"நிறுத்துங்க! அது தேவையில்லை!" அப்பா மேசைக்கு மேல் கையை நீட்டினார். கை எட்டவில்லை.

'இருக்கேன், இருக்கேன். மக கடைத்தெருவுக்குப் போயிருக்கா, சொல்லுங்க.'

'நீங்க கேட்டிருந்தீங்களே, ஒண்ணாந்தேதி ஒரு ரூம் காலியாகுது.'

'சரி. ஆனா அவ வீட்டுல இருக்கும்போது கூப்பிடாதீங்க. நானே பக்குவமா சொல்லிக்கறேன். அவ தங்கமான பொண்ணுங்க. என்னைத் தள்ளிவிடறான்னு நீங்க யாரும் அவளைத் தப்பா நினைச்சிடக் கூடாது.'

டேப் நின்றது. கேட்டதும் தையலக்காவுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாக வந்தது. 'ஒண்ணாந்தேதி' என்ற வார்த்தையைக் கேட்டபோது, பெரிய பாரத்தை யாரோ தோளிலிருந்து இறக்கியதுபோல் அவள் முகம் ஒரு கணம் தளர்ந்தது. அந்த ஒரு கணத்தை அவளால் மறைக்க முடியவில்லை. அப்பா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

பிறகு அவர் மெக்கானிக்கிடம் நிதானமாகக் கேட்டார். "அந்த ஸ்டாப் பட்டன் எதுன்னு காட்டுங்க. ரிசீவர்லயும் இருக்கா?"

மெக்கானிக் காட்டினார். அப்பா இரண்டு தடவை அமுக்கிப் பழகிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் மெஷினை அவள் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளாப்பா கேக்கறீங்க?"

"மெஷின் வாங்கினதிலேர்ந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"வண்டியைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதையெல்லாம் மைக்ல சொல்லக் கூடாதும்மா. பயணிக்கு வேண்டியதை மட்டும்தான் சொல்லணும். உனக்கு வேண்டியது கோட்டு, கால்சட்டை. அதைச் சொன்னேன்."

"அன்னிக்கு ஏதோ கோபத்துல..."

"கோபத்துல சொல்லலை. அழுதுக்கிட்டே சொன்ன. எனக்குக் காது நல்லாக் கேக்குது."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எங்கயும் போக வேண்டாம்ப்பா."

"சரிம்மா. சொல்லிட்ட இல்ல, அது போதும்" என்றார் அவர். போக வேண்டாம் என்று சொல்வதற்கு முன் தான் கொஞ்சம் தயங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு அவர்மேல் பாசம் இல்லாமலில்லை. பாசமும் இருந்தது, மூச்சு முட்டலும் இருந்தது. இரண்டும் உண்மை என்பதுதான் அவளைக் கொன்றது.

வீட்டுக்கு வந்து வயரைச் சொருகி, ரிசீவரைத் தையல் மேசையில் வைத்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. வழக்கப்படி இருவரும் அசையவில்லை. தயவுசெய்து கவனிக்கவும் என்று அப்பாவின் குரல் தொடங்கி, முடிந்து, பீப் அடித்தது.

'இல்லத்திலேர்ந்து பேசறோம். மன்னிக்கணும், இந்த நேரத்துல கூப்பிட வேண்டாம்னு சொல்லியிருந்தீங்க. அந்த ரூமை வேற ஒருத்தரும் கேக்கறாங்க. உங்களுக்குத்தான்னு உறுதி பண்ணிக்கலாமா?'

ரிசீவர் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் எடுத்து, அவர் வரமாட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவள் எடுத்தாள். 'ஹலோ, லைன்ல இருக்கீங்களா?' என்று ஸ்பீக்கரில் கேட்டார்கள். அவர் போன், அவர்தானே பதில் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, ரிசீவரை அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். கடையில் பழகியபடி, பேசுவதற்கு முன் ஸ்டாப் பட்டனை அமுக்கினார். மெஷினின் சிவப்பு விளக்கு அணைந்தது. உள்ளறைக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

"நான்தாங்க பேசறேன்" என்பது கேட்டது. பிறகு, "என் மகளா?"

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. அந்த மௌனம் அவளுக்குப் பழக்கமானது. அறிவிப்பைச் சொல்வதற்கு முன், ஓடி வருகிற கடைசி ஆளுக்காக ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார் என்று சின்ன வயதில் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் அவள். கதவு தாழிடப்படவில்லை. இரண்டு எட்டு வைத்துக் கதவைத் தள்ளினால் போதும்.

தையலக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து, பலகையில் காலை வைத்து மிதிக்க ஆரம்பித்தாள். சத்தம் அறையை நிறைத்தது. அப்பா பேசி முடித்துக் கதவைத் திறந்து வந்தபோதும் அவள் மிதித்துக்கொண்டேதான் இருந்தாள். அவர் அவள் பின்னால் வந்து நின்று, ஊசிக்கடியில் துணி இல்லாததைப் பார்த்தார்.